அருவிக்குப் போய் வந்தபின் காய்ச்சலா? ஆற்றைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லுங்கள்

கோலாலம்பூரில் காய்ச்சலோடு கிளினிக்குக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே நோய்க்குப் பெயர் வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள்: டெங்கி. அதில் தவறில்லை. டெங்கி இல்லாத மாதம் இந்த ஊரில் இல்லை. சிக்கல் அதற்கு அப்புறம்தான். டெங்கிப் பரிசோதனை நெகட்டிவ் என்றதும், "அப்பாடா, சாதாரணக் காய்ச்சல்தான்" என்று பனடோலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த இடத்தில் நான் இன்னொன்று கேட்பேன்: "இந்த ரெண்டு மூணு வாரத்துல ஆறு, அருவிப் பக்கம் போனீங்களா?"

அண்மையில் ஒரு தம்பி அம்மாவோடு வந்திருந்தார். மூன்று நாளாகக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார். கெண்டைக்காலை லேசாக அழுத்தியதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கண் இரண்டும் சிவந்திருந்தன, பீளை இல்லை. "காடு மேடெல்லாம் ஏறினா கால் வலிக்கத்தானே செய்யும், டாக்டர்" என்றார் அம்மா. எந்தக் காடு என்று கேட்ட பிறகுதான் சுங்கை பீசாங் அருவியின் பெயர் வெளியே வந்தது. பத்து நாளுக்கு முன்னால் நண்பர்களோடு போயிருக்கிறார். காராக் நெடுஞ்சாலைக்கு அடியில் போகும் சுரங்கவழியைத் தாண்டி, ஓடைத் தண்ணீரில் கால் வைத்தே பெரும்பகுதி நடக்க வேண்டிய பாதை அது.

நடந்த களைப்பில் வரும் வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். பத்து நாள் கழித்துக் காய்ச்சலோடு புதிதாக வராது. இரத்தத்தில் பிளேட்லெட் குறைந்திருந்தது. டெங்கியிலும் அது குறையும் என்பதால்தான் இந்த இரண்டு நோயும் குழப்புகின்றன. ஆனால் வெள்ளை அணுக்கள் கூடியிருந்தன, சிறுநீரில் புரதம் இருந்தது. அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினேன். எலிச் சிறுநீர் நோய் என்று அங்கே உறுதியானது. சீக்கிரமே மருந்து தொடங்கியதால் நல்லபடியாக வீடு திரும்பினார்.

இதற்குக் காரணம் லெப்டோஸ்பைரா என்ற கிருமி. எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும்; எலிக்கு ஒன்றும் ஆகாது. அதன் சிறுநீர் வழியாக மண்ணுக்கும் தண்ணீருக்கும் வந்து, ஈரம் இருக்கிற இடத்தில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாய், மாடு, காட்டுப்பன்றி வழியாகவும் வரலாம். நம் உடம்புக்குள் நுழைய அதற்கு ஒரு சின்னக் கீறல் போதும். கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும். தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறதே என்பது சமாதானமே இல்லை.

திடகாத்திரமானவர்களையும் இது விடாது. 2000ஆம் ஆண்டு சபாவில் நடந்த எக்கோ சேலஞ்ச் என்ற சாகசப் போட்டிக்கு வந்தவர்கள் நல்ல உடற்கட்டுள்ள வீரர்கள். பிறகு விசாரிக்க முடிந்த 189 பேரில் 80 பேருக்கு இந்த நோய்க்கான அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியதுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. 2010இல் பகாங் மாரானுக்கு அருகே லுபோக் யூ அருவியில் மூழ்கிய ஒருவரைத் தேடும் பணியில் இறங்கியவர்களிடையே, இந்த நோயோடு மெலியோய்டோசிஸ் என்ற இன்னொரு மண் கிருமி நோயும் சேர்ந்து பரவி, எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியிலிருந்து, இந்த நோயைக் கண்டால் மருத்துவர்கள் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தாக வேண்டும் என்பது சட்டம்.

அருவிக்கே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். வெயில் கொளுத்துகிற நாளில் கஞ்சிங்கிலோ சுங்கை காபாயிலோ மர நிழலில் ஓடைத் தண்ணீரில் நிற்கிற சுகத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே நாம் வழக்கமாகச் செய்கிற சில காரியங்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. டின் பானத்தைக் குளிரட்டும் என்று கல்லிடுக்கில் தண்ணீருக்குள் வைக்கிறோம். அரைமணி நேரம் கழித்து எடுத்து, துடைக்காமல்கூட அப்படியே வாயில் வைத்துக் குடிக்கிறோம். டின்னின் மேல்விளிம்பில் தேங்கி நிற்பது ஆற்றுத் தண்ணீர்தானே? தர்பூசணியை ஓடையில் போட்டு வைத்து அங்கேயே வெட்டுவதும் இதே கதைதான். ஐஸ் பெட்டி கொண்டு போங்கள்.

அடுத்தது அட்டைக்கடி. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்திவிடுவதால், விழுந்த பிறகும் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் காலை ஆற்றுத் தண்ணீரில் அலம்பினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது திறந்த புண். கொண்டுபோன குடிநீரால் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்து, தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். சிலிப்பர் வேண்டாம், பாதத்தை மூடும் காலணி போடுங்கள். சாப்பிட்ட நாசி லெமாக் பொட்டலத்தை அங்கேயே வீசிவிட்டு வந்தால், அடுத்த வாரம் அங்கே எலிதான் விருந்தாளி.

தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் சுள்ளியும் அடித்து வந்தால் அந்த நொடியே எல்லோரும் கரையேறுங்கள். மேலே மழை பெய்திருக்கிறது. கெப்பாலா ஆயர், அதாவது மேலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம், வரலாம். மழை கழுவிக்கொண்டு வரும் அந்தக் கலங்கலில் கிருமியும் அதிகம்.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் குளியுங்கள். போன தேதியைக் குறித்து வையுங்கள். பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். ஒரு மாதம் வரை தள்ளிப்போவதும் உண்டு. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போதும். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகளைக் கேட்டு வாங்காதீர்கள். டெங்கியாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டும், இந்த நோயாக இருந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. அதனால்தான் ஆற்றுக்குப் போன விஷயம் டாக்டருக்குத் தெரிய வேண்டும். சந்தேகம் வலுத்தால் முடிவுக்குக் காத்திராமலே டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தொடங்கிவிடுவோம். நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது பொதுவாகக் கொடுப்பதில்லை.

இரண்டு நாள் காய்ச்சல் விட்டதுபோல் இருந்து திரும்ப வரலாம். கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது, மூச்சுத் திணறல், சளியில் இரத்தம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக்குக்கு வராதீர்கள், நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். உங்களுக்கு நோய் உறுதியானால், உங்களோடு அன்று தண்ணீரில் இறங்கியவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். அவர்களில் யாராவது இந்நேரம் டெங்கி இல்லை என்ற நிம்மதியில் படுத்திருக்கக்கூடும்.