சின்னக் கருவிக்கு எந்த லினக்ஸ்?

மழையளவைப் பதிவுசெய்ய ஒரு ராஸ்பெரி பை ஜீரோ டபிள்யூ என்ற சின்னக் கணினிப் பலகை. அதில் எந்த லினக்ஸை ஏற்றுவது? பலர் முதலில் பார்ப்பது டிஸ்ட்ரோவின், அதாவது லினக்ஸ் வகையின், அளவை. அது கடைசியில் பார்க்க வேண்டியது.

முதலில் பிராசஸர். ஜீரோ டபிள்யூவில் இருப்பது ஆர்ம் 6ஆம் தலைமுறைச் சிப். டெபியன் என்ற டிஸ்ட்ரோவின் ‘ஆர்ம்எச்எஃப்’ (32 பிட் ஆர்ம்) பதிப்போ 7ஆம் தலைமுறைக்கானது. அதை ஜீரோ டபிள்யூவில் ஓட்டினால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று நின்றுவிடும். டெபியனை ஒட்டி உருவான ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் 32 பிட் பதிப்பு ஓடும். ஆல்பைன் என்ற சிறிய டிஸ்ட்ரோவின் ‘ஆர்ம்எச்எஃப்’பும் ஓடும், பெயர் ஒன்றானாலும் அது 6ஆம் தலைமுறைக்காகவே தொகுக்கப்பட்டது.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் சி நூலகம், அதாவது நிரல்கள் எல்லாம் சார்ந்திருக்கும் அடிப்படை நிரல் தொகுதி. டெபியன் குடும்பத்தில் ஜிலிப்சி, ஆல்பைனில் மஸ்ல். ஜிலிப்சிக்காகத் தொகுத்த நிரலை ஆல்பைனில் இயக்கினால், கோப்பு கண்முன்னே இருக்கும்போதே ‘நாட் ஃபவுண்ட்’ என்று வரும். காணாமல் போனது கோப்பல்ல, அதை நினைவகத்தில் ஏற்றும் லோடர். பைத்தானிலும் இதே சிக்கல்தான்: நம்பை என்ற கணித நூலகம் போன்றவற்றுக்குத் தயார்த் தொகுப்பு கிடைக்காவிட்டால், பைத்தானின் நிறுவியான பிப் மூலநிரலிலிருந்து தொகுக்கத் தொடங்கும். 512 எம்பி ராமில் அது மணிக்கணக்கில் இழுக்கும், அல்லது நினைவகம் போதாமல் பாதியில் சாகும். ஆல்பைனின் சொந்த நிறுவியான ஏபிகேயின் களஞ்சியத்தில் இருப்பதை அங்கிருந்தே நிறுவுங்கள். இன்னொரு வேறுபாடு: மஸ்லில் ஒரு த்ரெட்டுக்கான (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை) ஸ்டாக் என்ற தற்காலிக நினைவிடம் இயல்பாக 128 கேபி மட்டுமே. ஜிலிப்சியில் வழக்கமாக 8 எம்பி. ஆழமாகத் தன்னையே அழைக்கும் நிரல் மஸ்லில் திடீரென்று விழும்.

மின்வெட்டைத் தாங்குவதில் ஆல்பைனின் ‘டிஸ்க்லெஸ்’ முறை அருமையானது. இயங்குதளம் முழுவதும் ராமுக்குப் போய்விடுவதால் மெமரி கார்டில் தானாக எழுத்தே நடக்காது. ஆனால் அமைப்புகளை மாற்றியபின் அவற்றைக் கார்டில் சேமிக்கும் ‘எல்பியூ கமிட்’ கட்டளையைக் கொடுக்காவிட்டால், அடுத்த பூட்டில் எல்லாம் போய்விடும். ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் இதற்கு, மாற்றங்களைக் கார்டில் எழுதாமல் ராமில் மட்டும் வைக்கும் ஓவர்லே வசதி உண்டு. எதுவானாலும் அளவீடுகளைத் தனிப் பார்ட்டிஷனில் வையுங்கள். பலகையில் கடிகாரச் சிப் இல்லை. நேரம் தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணைய இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழ்கள் மறுக்கப்படும். டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப் ஒன்றைச் சேர்ப்பது நல்லது.

ஆயுளையும் பாருங்கள். ஆல்பைன் வெளியீடு ஒன்றுக்குச் சுமார் 2 ஆண்டுகளே பாதுகாப்புத் திருத்தம் வரும். டெபியனில் 3, நீள்கால ஆதரவோடு 5. அதனால் ஆண்டுக்கணக்கில் ஆள் போக முடியாத இடம் என்றால், 64 பிட் ஜீரோ 2 டபிள்யூ வாங்கி டெபியன் போடுவதே என் தேர்வு.

ஒரே கருவி நூற்றுக்கணக்கில் போகிறதென்றால் பில்ட்ரூட், அதாவது தேவையானதை மட்டும் வைத்து லினக்ஸ் இமேஜைக் கட்டித் தரும் கருவித்தொகுப்பு. அதில் நிரல்களைத் தனித்தனியாக நிறுவும் பேக்கேஜ் மேனேஜர் கிடையாது. சிறு திருத்தத்துக்கும் முழு இமேஜையும் புதிதாகக் கட்ட வேண்டும். புதிய இமேஜை மாற்றி மாற்றி ஏற்ற, இயங்குதளம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன்கள் இரண்டை முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள்.