விடியற்காலை ஃபைனல் பதிவாகாமல் போவது ஏன்? ஊர்க் கபடியும் நேரலையும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நடக்கும் மின்னொளிக் கபடிப் போட்டிகளில், மைக்செட், ஜெனரேட்டர் செலவோடு யூடியூப் நேரலைச் செலவும் இப்போது சேர்ந்துவிட்டது. ஆனால் இரவு 9 மணிக்கு நேரலையில் இருந்த கூட்டம் 11 மணிக்கு இருப்பதில்லை. யார் ஆடுகிறார்கள், ஸ்கோர் என்ன, நம்ம ஊர் ஆட்டம் எத்தனை மணிக்கு என்று தெரியாமல் எவ்வளவு நேரம் பார்ப்பது? திடலில் இருப்பவருக்கு மைக்கில் சொல்லிவிடுகிறார்கள். பெங்களூருவில் கட்டட வேலையிலும் திருப்பூரில் பனியன் கம்பெனியிலும் இருக்கும் ஊர்க்காரருக்கு யார் சொல்வது?

முதலில் நேரக் கணக்கு. 32 அணி வந்தால் நாக் அவுட்டில் 31 ஆட்டம். ஒரே களம், அணி மாறும் நேரத்தையும் சேர்த்து ஆட்டத்துக்கு 25 நிமிடம் என்று வைத்தால் 775 நிமிடம், அதாவது கிட்டத்தட்ட 13 மணி நேரம். யூடியூப் தானாகச் சேமித்துவைப்பது 12 மணி நேரத்துக்குள் முடியும் நேரலையை மட்டும்தான். மாலை 6 மணிக்குத் தொடங்கி ஒரே நேரலையாக விடியும்வரை ஓட்டினால், ஃபைனல் முடிந்து கோப்பை கொடுக்கும்போது பதிவு கைக்கு வராமல் போகலாம். முதல் சுற்றின் 16 ஆட்டங்களை ஒரு நேரலையாகவும் மீதி 15 ஆட்டங்களை இன்னொன்றாகவும் பிரித்துவிடுங்கள். முதல் நேரலையை நிறுத்தும் முன்பே அடுத்ததன் லிங்கை சாட்டிலும் வாட்ஸ்அப்பிலும் போடவேண்டும். நிறுத்திய பிறகு போட்டால் பாதிப் பேர் தூங்கப் போயிருப்பார்கள். புதிய சேனல் என்றால் நேரலை வசதி திறக்கவே 24 மணி நேரம் வரை ஆகலாம். போட்டியன்று காலையில் சேனல் தொடங்குவது வீண் வேலை.

அடுத்தது நெட். 720பி தரத்தில், நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் மணிக்கு 1.8 ஜிபி போகும். தினம் 2 ஜிபி பேக் போட்ட சிம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் தாங்கும். பகலில் அப்லோடு வேகம் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கூட்டம் சேர்ந்ததும் அதே டவரில் நூற்றுக்கணக்கான ஃபோன்கள் தொங்கும், வேகம் படுத்துவிடும். அனுப்பும் வேகத்தைப்போல் இரண்டு மடங்காவது அப்லோடு இருந்தால்தான் படம் நிற்காது. திடலை ஒட்டிய வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் கேட் 6 (Cat 6) நெட் கேபிள் இழுப்பதே நல்லது. 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி மாதிரி மலைப் பக்கம் என்றால் இரண்டு கம்பெனி சிம்மையும் முந்தின நாள் இரவே அங்கே வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

எல்இடி ஃபோகஸ் லைட்டில் படத்தில் கறுப்புப் பட்டை ஓடினால் கேமராவைக் குறை சொல்லவேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் புரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஸ்கோர் சொல்ல வாட்ஸ்அப் சேனல் போதும். குரூப் போட்டால் 1,024 பேரோடு நின்றுவிடும், எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் அணி ஆடும் போட்டியில் இதைச் சாதாரணமாக விடக்கூடாது. சேனலில் பின்தொடர்பவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. ‘கால் இறுதி 2: காரிமங்கலம் 24, ஊத்தங்கரை 19. அடுத்து பாலக்கோடு – பர்கூர், 1.40 மணிக்கு’ என்ற மாதிரி ஒரே வரி போதும். இதில் அடுத்த ஆட்டத்தின் நேரம்தான் முக்கியம். ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்டில் இருப்பவர், இடைவேளையில் ஃபோனை எடுக்கும்போது தேடுவது அதைத்தான். நேரம் தள்ளிப்போனால் அதையும் சொல்லிவிடவேண்டும்.

வாக்கெடுப்பு வைக்கிறோம் என்று பலரும் சொதப்புவதும் நேரத்தில்தான். கபடியில் ஒரு ரைடு 30 நொடி. நேரலைப் படம் பார்ப்பவருக்குப் பல நொடி தாமதமாகத்தான் போய்ச் சேரும். ‘இந்த ரைடில் பாயின்ட் வருமா?’ என்று கேட்டு, அவர் படித்து, விரலை வைப்பதற்குள் ரைடர் நடுக்கோட்டைத் தொட்டுத் திரும்பியிருப்பார். யூடியூபில் தாமதத்துக்கான ‘அல்ட்ரா லோ’ அமைப்பைப் போட்டால் தாமதம் குறையும், ஆனால் நெட் சுமாராக இருப்பவருக்குப் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் கேள்வியை இடைவேளையிலோ டைம் அவுட்டிலோ வையுங்கள். கேள்வியும் ஆட்டம் தெரிந்தவர் கேட்பதுபோல் இருக்கவேண்டும். ‘4 புள்ளி பின்னால் இருக்கிறோம், கடைசி 3 நிமிடம், போனஸா, டச்சா?’ என்று, அதாவது போனஸ் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பதா, எதிராளியைத் தொட்டு எடுப்பதா என்று கேட்டால் சண்டை போட்டுக்கொண்டு பதில் வரும். எதிரே 5 பேர்தான் நிற்கிறார்கள் என்றால் மட்டும் இதைக் கேட்டுவிடாதீர்கள். 6 பேராவது இல்லாமல் போனஸே கிடையாது, கமெண்டில் கிழித்துவிடுவார்கள்.

ஆட்டத்துக்கு நடுவே மைக்செட்டில் சினிமாப் பாட்டு ஓடினால் காப்புரிமைப் பிரச்சினை வந்து நேரலையே தடைபடலாம். மிக்சரிலிருந்து வர்ணனையாளர் மைக்கை மட்டும் ஃபோனுக்கு எடுங்கள். பம்பையும் தப்பும் நேரில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை.

கமெண்ட்தான் உண்மையான தலைவலி. ஊர்ப் பெருமையில் தொடங்குவது சாதிப் பேச்சில் போய் நிற்கும், அதை ஒரு மணி நேரம் விட்டுவைத்தால் மறுநாள் பேருந்து நிலையத்தில் அடிதடியாகும். யூடியூப் அமைப்புகளில் தடைச்சொல் பட்டியல் இருக்கிறது. கெட்ட வார்த்தையைத் தமிழில் மட்டும் சேர்த்தால் பிடிபடாது. ஆங்கில எழுத்தில் நம் பையன்கள் எழுதும் நாலைந்து விதத்தையும் சேர்க்கவேண்டும். கமெண்டில் லிங்க் போடுவதைத் தடுக்கும் வசதியையும் போட்டுவிடுங்கள், சூதாட்டச் செயலிக்காரர்கள் அந்த வழியாகத்தான் நுழைவார்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை விளம்பரப்படுத்துவதை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஸ்பான்சர் பணம் என்று ஆசைப்பட்டு அப்படி ஒரு பெயரைத் திரையில் ஓட்டினால் மாட்டுவது விழாக் கமிட்டிதான். கமெண்டைக் கவனிக்க உள்ளூர்க்காரர் ஒருவர், வெளியூர்க்காரர் ஒருவர் எனச் சேர்ந்தே உட்காருங்கள். ஒரே ஊர்க்காரர் நீக்கினால் அதற்கும் ஒரு சண்டை வரும்.

இதில் பாதியைத் தளங்களே செய்யலாம். தங்கிலீஷ் வசவைத் தாங்களாகவே அடையாளம் காணலாம். நேரலைக்கு மேலேயே நடத்துபவர் தொட்டு மாற்றும் ஸ்கோர் பலகை ஒன்றைக் கொடுக்கலாம். பெரிய லீக்குகளுக்கு இருக்கும் வசதி ஊர்ப் போட்டிக்கு வர இன்னும் காலம் ஆகும்போல.

அதுவரை நம் கையில் இருப்பது நேரக்குறிப்பு. பதிவின் விவரப் பகுதியில் ஒவ்வோர் ஆட்டமும் தொடங்கும் நேரத்தையும் இரண்டு ஊர் பெயரையும் தமிழில் வரிசையாக எழுதுங்கள். முதல் வரி 0:00 என்று இருக்கவேண்டும், குறைந்தது மூன்று குறிப்பாவது வேண்டும், இல்லாவிட்டால் வீடியோ பகுதிகளாகப் பிரியாது. ஆடிய பையனின் அம்மா 6 மணி நேரப் பதிவில் மகனைத் தேடும்போது தொடப்போவது அந்த வரியைத்தான்.