'கிளைமேட் ரெசிலியன்ஸ் கமிஷன்': தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் காலநிலை பற்றி நகர்மன்றத்துக்கு யோசனை மட்டும் சொல்லும் ஒரு சிறிய அமைப்பு இருக்கும். பெயர் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் 'சஸ்டெய்னபிலிட்டி', 'ரெசிலியன்ஸ்', 'கமிஷன்' என்ற மூன்று சொற்களில் குறைந்தது இரண்டு அதில் இடம்பிடித்துவிடும். இதைத் தமிழாக்குகிறவர்கள் 'நிலைத்தன்மை மற்றும் மீள்தன்மை ஆணையம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ இதைப் படிப்பவருக்கு என்ன புரியும்? ஏதோ அதிகாரமுள்ள அமைப்பு, ஏதோ உத்தரவு போடப்போகிறது என்றுதான். நடப்பு அதற்கு நேர்மாறு.

முதலில் 'கமிஷன்'. லத்தீனில் 'கொம்மித்தெரே' என்றால் ஒப்படைத்தல். ஒப்படைத்த வேலை, அந்த வேலைக்கான கூலி, வேலையை ஏற்றுக்கொண்ட ஆட்கள் என்று மூன்று பொருளும் அந்த ஒரே வேரிலிருந்து வந்தவை. அதனால்தான் நம் ஊரில் மண்டிக்காரர் எடுப்பதும் கமிஷன், அரசு விசாரணைக்குப் போடுவதும் கமிஷன். 'கமிட்டி'யும் அதே வேரில் பிறந்ததுதான்.

தமிழில் இதற்கு 'ஆணையம்' நிலைபெற்றுவிட்டது. தேர்தல் ஆணையம், தகவல் ஆணையம் என்பவற்றுக்கு அது பொருந்துகிறது. ஆணையிடும் அதிகாரம் அவற்றுக்கு உண்டு. வெறும் யோசனை சொல்லும் அமைப்பை 'ஆலோசனை ஆணையம்' என்றால் முன்சொல் ஒரு பக்கம் இழுக்கிறது, பின்சொல் இன்னொரு பக்கம் இழுக்கிறது. போதாக்குறைக்கு நம் மாநகராட்சிகளில் 'ஆணையர்' என்றால் நிர்வாகத்தை நடத்தும் அதிகாரி. ஆணையம் என்றதும் அவருடைய அலுவலகம் என்றுதான் பலர் நினைப்பார்கள்.

இந்தச் சொல் வேறுபாடெல்லாம் டெல்டாக்காரர்களுக்குப் புதிதில்லை. 1990-இல் காவிரி நடுவர் மன்றம் வந்தது, 2007-இல் அதன் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 177.25 டி.எம்.சி. என்று குறைத்தபோது, ஆறு வாரத்துக்குள் ஒரு 'ஸ்கீம்' அமைக்கச் சொன்னது. ஸ்கீம் என்றால் என்ன என்று மத்திய அரசு நீதிமன்றத்திடமே விளக்கம் கேட்டது. இங்கே மறியல்களில் எழுந்த முழக்கம் 'காவிரி மேலாண்மை வாரியம் அமை' என்பது. கடைசியில் ஜூன் 1-ஆம் தேதி வந்தது 'காவிரி நீர் மேலாண்மை ஆணையம்', கூடவே ஒழுங்காற்றுக் குழு. வாரியமா, ஆணையமா, யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்று டீக்கடைகளில் அலசிய மக்கள் இவர்கள். அவர்களிடம் போய் யோசனை சொல்லும் அமைப்பை ஆணையம் என்று அறிமுகப்படுத்தினால், 'தண்ணி திறந்து விடச் சொல்லுமா?' என்றுதான் கேட்பார்கள்.

வாரியம் என்று சொல்லலாமா? பழைய சொல்தான். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் எல்லாம் வருகின்றன. குடவோலையில் பெயர் எடுத்து, 360 நாளைக்குப் பொறுப்பு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. (இந்த ஒரு விதியை மட்டும் இப்போது கொண்டுவந்தால் எத்தனை நாற்காலிகள் காலியாகும்!) ஆனால் ஏரி வாரியம் யோசனை சொல்லிவிட்டு ஒதுங்கிய அமைப்பில்லை, ஏரியையே பார்த்துக்கொண்டது. இன்றும் மின்சார வாரியம், குடிநீர் வாரியம் என்றால் வேலை செய்கிற அமைப்பு. ஆகவே இதுவும் ஒத்துவராது.

மிஞ்சுவது 'குழு'. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து இந்திர விழாவில் 'ஐம்பெருங்குழு' வருகிறது. அரசனுக்கு யோசனை சொல்ல அருகில் இருந்தவர்கள் அவர்கள், முடிவு அரசனுடையது. நமக்கு வேண்டிய பொருள் அப்படியே அங்கே இருக்கிறது. ஆலோசனைக் குழு என்றே சொல்லலாம்.

சரி, அந்தக் குழு என்னதான் செய்கிறது? நகர்மன்றம் ஊர்வாசிகளிலிருந்து சிலரை நியமிக்கும். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. மாதம் ஒரு கூட்டம். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், எழுந்து பேசலாம். நகராட்சி அலுவலர் ஒருவர் தகவல் எடுத்துக் கொடுப்பார். ஊர் எவ்வளவு கரிமம் வெளியிடுகிறது என்று ஒரு கணக்கு. வெள்ளம், வெயில், புயல் எந்தத் தெருவை முதலில் அடிக்கும் என்று இன்னொரு கணக்கு. இரண்டையும் வைத்து அந்த ஆண்டுக்கான வேலைத்திட்டம் எழுதி, மக்கள் கருத்துக் கேட்டு, நகர்மன்றத்துக்குப் பரிந்துரையாக அனுப்பும். ஏற்பதும் பணம் ஒதுக்குவதும் நகர்மன்றத்தின் கையில்.

தமிழ்நாட்டில் இதே அச்சில் ஒன்று இல்லை. 2022-இல் முதலமைச்சர் தலைமையில் காலநிலை மாற்றத்துக்கான நிர்வாகக் குழு அமைந்தது, மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் வந்தது. அதே ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வார்டு குழு, பகுதி சபை விதிகளும் வந்தன. மேலே ஆட்சியர், கீழே பகுதி சபை. நடுவில் ஊரளவில் உட்கார்ந்து திட்டம் எழுதும் இடம் காலியாகக் கிடக்கிறது.

'சஸ்டெய்னபிலிட்டி'க்கு நாம் மெனக்கெட வேண்டாம். 'வளங்குன்றா வளர்ச்சி' என்று பாடநூல்களிலேயே வந்துவிட்டது, அழகான சொல். இலங்கைத் தமிழர் 'பேண்தகு' என்பார்கள். 'நிலைத்தன்மை' மட்டும் வேண்டாம். அது அசையாமல் நிற்பதைச் சொல்லும், எடுத்தும் குறையாமல் வைத்திருப்பதைச் சொல்லாது.

சிக்கல் 'ரெசிலியன்ஸ்' என்பதில்தான். லத்தீனில் 'ரெசிலிரே', பின்னுக்குத் துள்ளுதல். பொறியாளர்கள் இதைப் பொருள்களுக்குச் சொன்னார்கள்: வளைத்து விட்டால் பழைய வடிவத்துக்கு வருவது. அந்தக் கணக்கில் 'மீள்தன்மை' சரியான சொல். 1973-இல் கனடாவின் சூழலியல் அறிஞர் ஹாலிங் இதற்கு வேறு பொருள் கொடுத்தார். பழைய நிலைக்கே திரும்புவதை அவர் 'ஸ்டெபிலிட்டி' என்று தனியே பிரித்தார். அதிர்ச்சியை உள்வாங்கி, மாறினாலும் அழிந்துபோகாமல் தொடர்வதுதான் அவருக்கு ரெசிலியன்ஸ். இன்று காலநிலைத் திட்டங்களில் புழங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பொருள். 'மீள்' என்ற நம் சொல்லோ முதல் பொருளில் நின்றுகொண்டிருக்கிறது.

டெல்டாவில் இந்த வேறுபாட்டை வயலிலேயே பார்க்கலாம். சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் இருக்கிறது. சாதாரண நெல் மூழ்கினால் மூச்சுக்காகத் தண்ணீருக்கு மேலே வரப் பார்த்து, விறுவிறுவென்று நீண்டு, கையிருப்பு மாவுச்சத்தைத் தீர்த்துவிடும். தண்ணீர் வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்துவிடும். சப்-1 மரபணு உள்ள பயிர் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு கிடக்கும். இரண்டு வாரம் வரை அப்படிக் கிடந்து, வடிந்த பிறகு புதுத் தூர் விடும். மூழ்கிய வயலின் வரப்பில் நின்று விவசாயி கேட்பது 'தாக்குப்பிடிக்குமா?', தண்ணீர் வடிந்த பிறகு கேட்பது 'தேறுமா?'. ஒரு சொல்லுக்குள் நாம் திணிக்கப் பார்ப்பதை அவர் இரண்டு வினைச்சொல்லில் பிரித்து வைத்திருக்கிறார். 'தேறுதிறன்' என்று எனக்கே ஒரு ஆசை உண்டு. ஆனால் பரீட்சையில் தேறுவது நினைவுக்கு வந்து கெடுத்துவிடும்.

இன்னொரு பக்கம் 2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. தென்னை காய்க்கப் பல வருஷம் ஆகும். அங்கே 'மீள்வது' என்றால் மறுபடி அதே தென்னையை அதே இடத்தில் வைப்பதா, ஊடுபயிரும் வேறு மரமுமாக மாறுவதா? ஹாலிங்கின் பொருளில் இரண்டாவதும் ரெசிலியன்ஸ்தான்.

என் முடிவு இது. பொதுச்சொல்லாக 'மீள்திறன்' இருக்கட்டும். புழக்கத்துக்கு வந்துவிட்டது, சொல்லவும் எளிது. 'மீள்தன்மை'யை இயற்பியல் வகுப்புக்கு விட்டுவிடலாம். ஆனால் திட்ட அறிக்கை எழுதும்போது பிரித்து எழுத வேண்டும். மதகு, கரை, கட்டடம், மின்கம்பம் என்றால் 'தாங்குதிறன்'. வெள்ளம் வடிந்து ஊர் பழையபடி இயங்க எத்தனை நாள் என்றால் 'மீள்திறன்'. பயிரையோ பிழைப்பையோ மாற்றிக்கொள்வதென்றால் 'தகவமைப்பு'. கும்பகோணத்துக்கு ஒரு திட்டம் எழுதுகிறார்கள் என்று வையுங்கள். 'வடிகால் மீள்திறனை மேம்படுத்துதல்' என்று ஒரு வரி போட்டால் அதில் ஆகாயத்தாமரையை அள்ளுவதும் அடங்கும், கான்கிரீட் கொட்டுவதும் அடங்கும், ஒன்றுமே செய்யாததும் அடங்கும். 'ஒரே நாளில் எவ்வளவு மழை வரை தாங்கும், எத்தனை மணி நேரத்தில் வடியும்' என்று எழுதினால் வார்டு உறுப்பினரைப் பிடித்துக் கேட்கலாம்.

ஆக, முழுப் பெயர்: 'நகரக் காலநிலை மீள்திறன் ஆலோசனைக் குழு'. பலகையில் எழுத நீளம்தான். வாயில் 'காலநிலைக் குழு' என்றுதான் நிற்கும், அதில் தவறில்லை. கமிட்டி என்று சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.