ஆரஞ்சு தன் முதலெழுத்தை எங்கே தொலைத்தது?

ஆங்கிலத்தில் ‘அ நாரஞ்சு’ என்று சொல்லிச் சொல்லியே ‘அன் ஆரஞ்சு’ ஆகிவிட்டது என்று ஒரு விளக்கம் ஊரெல்லாம் உலவுகிறது. நடந்த விஷயம் சரி, நடந்த இடம்தான் தவறு.

சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச். சமஸ்கிருதத்துக்கு அது திராவிட மொழி ஒன்றிலிருந்து போயிருக்கலாம் என்பது பல அகராதிகளின் கருத்து. நம் நாரத்தையும் மலையாளத்தின் நாரங்ஙாவும் அந்தக் குடும்பம்தான். அரபு மக்களோடு ஸ்பெயினுக்குப் போன சொல் அங்கே இன்றும் ‘நரான்ஹா’. முதலெழுத்து பத்திரமாக இருக்கிறது.

இத்தாலியிலும் பிரான்சிலும்தான் அது உதிர்ந்தது. இத்தாலியில் பெண்பால் பெயருக்கு முன்னால் ‘ஒரு’ என்ற பொருளில் ‘ஊனா’ வரும். ‘ஊனா நரான்ச்சா’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மூக்கொலிகள் நெருங்கி வர, ஒன்று கரைந்துவிடுகிறது. எஞ்சியதை முன்சொல்லின் கடைசி ஒலியாகக் காது எடுத்துக்கொள்கிறது: ‘ஊன் அரான்ச்சா’. பிரெஞ்சில் தொடக்க அகரம் ஒகரமானதற்கு, தங்கத்தைக் குறிக்கும் ‘ஓர்’ என்ற சொல்லின் சாயல் காரணம் என்பார்கள். 1400-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோதே இது தலையில்லாத சொல்.

ஆங்கிலத்துக்குள்ளேயே இப்படி அடிபட்ட சொற்கள் வேறு. ஏப்ரன் முன்பு நேப்ரன், நாப்கினுக்கு உறவு. விரியன் பாம்பைக் குறிக்கும் ‘ஆடர்’ முன்பு ‘நாடர்’. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: கூடுதல் பெயர் என்ற பொருளுள்ள ‘அன் ஈக்நேம்’ முன்சொல்லின் ஒலியை இழுத்துக்கொண்டு ‘நிக்நேம்’ ஆயிற்று. இவற்றின் பழைய வடிவங்கள் ஆங்கில ஏடுகளிலேயே கிடைக்கின்றன. ஒலி எந்த மொழியில் உதிர்ந்தது என்று கண்டுபிடிக்க இதுதான் வழி.

பழத்துக்குப் பெயர் வந்து நூறாண்டுக்கு மேலான பிறகே, 16ஆம் நூற்றாண்டில், அது நிறத்துக்கும் பெயராயிற்று. அதுவரை ‘மஞ்சள்சிவப்பு’ என்று ஒட்டுச்சொல்லாலோ வெறுமனே சிவப்பு என்றோ சமாளித்தார்கள். ராபின் குருவியின் நெஞ்சு ஆரஞ்சு நிறம்தான். அதற்கு வைத்த பெயரோ ‘செந்நெஞ்சு’.

நெதர்லாந்தின் ஆரஞ்சு அரச குடும்பத்துக்கும் பழத்துக்கும் வேரில் தொடர்பே இல்லை. அது தென் பிரான்சில் ரோமானியர் ‘அராவுசியோ’ என்றழைத்த ஊரின் பெயர். 1544-இல் அந்த ஊரை மையமாகக் கொண்ட சிற்றரசு, டச்சு அரச குடும்பத்தின் முன்னோரான நாசாவ் குடும்பத்து வில்லியமுக்கு வந்தது. ஒலி ஒத்துப்போனதால் நிறம் ஒட்டிக்கொண்டது. கால்பந்துச் சட்டைவரை வந்துவிட்டது. டச்சுக்காரர்கள் நிறத்தை ‘ஓரான்யே’ என்கிறார்கள். பழத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சினாஸ்ஆப்பல்’, சீன ஆப்பிள்.