கல்லூரி மாறினால் கிரெடிட் கூடவே வருமா?

என் அக்கா மகள் கோவையில் பி.காம். மூன்றாவது செமஸ்டர் எழுதி முடித்த நேரத்தில், அக்கா வீட்டுக்காரருக்கு ஹைதராபாத்துக்கு மாற்றல் வந்தது. ‘ஏபிசி கணக்கு இருக்கே, எங்கே வேண்டுமானாலும் சேர்ந்துக்கலாம்’ என்று அவள் நம்பிக்கையாக இருந்தாள். அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரைத் திறந்து பார்த்தால் கிரெடிட், அதாவது தேறிய பாடங்களுக்குக் கிடைக்கும் புள்ளி, பூஜ்யம். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருந்தது. கல்லூரிப் பதிவேட்டில் இனிஷியல் முன்னால். பெயர் ஒத்துப்போகாததால் மூன்று செமஸ்டர் மதிப்பெண்ணும் ஏறவேயில்லை. சரிசெய்ய இரண்டு மாதம் அலைந்தோம்.

ஏபிசி என்பது கல்விக் கிரெடிட் வங்கி. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2021 ஜூலையில் இதற்கான விதிமுறையை வெளியிட்டது. ஒரு கல்லூரியில் தேறிய பாடங்களின் கிரெடிட்டை இந்தக் கணக்கில் சேர்த்து வைத்து, இன்னொரு கல்லூரியில் படிப்பைத் தொடரும்போது எடுத்துக்கொள்ளலாம். பொதுவாக 7 ஆண்டு வரை செல்லும். ஆனால் மாணவர் தானே மார்க் ஷீட்டைக் கொடுத்து வரவு வைக்க முடியாது. படித்த நிறுவனம்தான் ஏற்ற வேண்டும். அதனால் கணக்கு தொடங்கியதோடு விட்டுவிடாமல், ஒவ்வொரு செமஸ்டர் முடிவு வந்ததும் கிரெடிட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியை விட்டு வந்த பிறகு இதற்காக அலுவலக வாசலில் நிற்பது பெரும்பாடு.

அடுத்தது, பலர் கவனிக்காத ஒரு கணக்கு. பட்டம் தரும் நிறுவனத்திலேயே குறைந்தது 50 சதவீத கிரெடிட்டைப் படித்திருக்க வேண்டும் என்பது விதி. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், செமஸ்டருக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டு முடித்து 80 கிரெடிட்டோடு போனாலும் புது இடத்தில் 60 படித்தே ஆக வேண்டும். அதாவது இரண்டு செமஸ்டர் போதும் என்று நினைத்த இடத்தில் மூன்று. அதனால் மாறித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்றாவது செமஸ்டருக்குள் மாறுவதுதான் நல்லது என்பேன். மொத்த கிரெடிட் பாடத்திட்டத்துக்குப் பாடத்திட்டம் வேறுபடும். உங்கள் எண்ணை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

சரி, கிரெடிட் இருக்கிறது, இடம்? கணக்கில் கிரெடிட் இருப்பதாலேயே எந்தப் பல்கலைக்கழகமும் சேர்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த வகுப்பில் இடம் காலியாக இருக்க வேண்டும், பாடங்கள் ஒத்துப்போக வேண்டும், அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். வரவேற்பு இடத்துக்கு இடம் மாறுவது இங்கேதான். ஒரு இடத்தில் பாடத்தின் பெயர் மாறினாலும் உள்ளடக்கத்தைப் பார்த்து ஏற்றுக்கொள்வார்கள். இன்னொரு இடத்தில் தாள் தாளாகக் கழிப்பார்கள். மொழிப்பாடத்தில்தான் சிக்கல் அதிகம். இங்கே முதல் பகுதியில் தமிழ் படித்தவருக்கு வேறு மாநிலத்தில் அந்தத் தாள் இருக்காது. விட்டுப்போன தாள்களைத் தனியாக எழுதச் சொல்வதும் உண்டு. அரியர் இருந்தால் போகும் முன்பே கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் தேறாத பாடத்துக்குக் கிரெடிட் கிடையாது.

டிசி வாங்குவதில் அவசரப்படாதீர்கள். புது இடத்தில் சேர்த்துக்கொள்கிறோம் என்று எழுத்தில் வந்த பிறகு கேளுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று 2018இலேயே யுஜிசி அறிவித்திருக்கிறது. ‘முழுக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம்’ என்றால் அந்த அறிவிப்பைக் காட்டி, எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், படித்த ஒவ்வொரு பாடத்துக்கும் சிலபஸ் நகலைக் கல்லூரி முத்திரையோடு வாங்கி வையுங்கள். ஹைதராபாத்தில் என் அக்கா மகளிடம் முதலில் கேட்டதே அதைத்தான். அவளிடம் இருந்தது. இடம் கிடைத்தது, இரண்டு தாள் மட்டும் கூடுதலாக எழுதினாள்.