கேன்கேன் வைத்துத் தைக்கச் சொல்லும் அம்மாக்களுக்கு

எட்டு வயதுச் சிறுமியின் லெஹெங்கா ஒன்று சென்ற வாரம் என் தையல் மேசைக்கு வந்தது. கோயில் மண்டபத்தில் அகல்விளக்கில் பட்டு, விளிம்பில் ஒரு சாண் போயிருந்தது. பாவாடை விரிந்து நிற்க உள்ளே வைத்த கேன்கேன் என்ற நைலான் வலை உருகி, கருப்பு மணிகளாக இறுகிக் கிடந்தது. நகத்தால் கிள்ளினாலும் உடையவில்லை. பிள்ளை கணுக்காலில் கொப்புளத்தோடு தப்பித்தாள். இந்த ஆண்டு இது மூன்றாவது பாவாடை.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருபது ஆண்டுகளாகத் தைக்கிறேன். "நாங்களும் பாவாடை கட்டித்தானே விளக்கேற்றினோம்?" என்று கேட்காத தாய் இல்லை. தோட்டத்தில் (எஸ்டேட்டில்) நீங்கள் கட்டிய பட்டுப்பாவாடை ஒற்றைத் துணி. இடுப்பில் கொசுவம், பிள்ளை வளர வளரப் பிரித்துவிடக் கீழே இரண்டு மடிப்பு, உடம்போடு தொங்கும். பட்டு சட்டென்று பற்றாது. வடக்கத்திய காக்ரா பாவாடைக்கும் துண்டு துண்டாக வெட்டி இணைத்த துணிதான் அகலம் தந்தது. இன்றைய லெஹெங்காவை விரித்து நிறுத்துவது கேன்கேன் வலை. அடுக்குக்கு அடுக்கு காற்று; அந்தக் காற்றுதான் தீயை வளர்க்கும்.

அடுத்து, "உள்ளே பருத்தி லைனிங் இருக்கிறதே!" அம்மா, லைனிங் வலை குத்தாமல் இருக்க வைப்பது. அது கால் பக்கம் இருக்கிறது. தீ வெளியிலிருந்து, கீழிருந்து வருகிறது. பருத்தியும் எரியும். பாவாடை விரிந்து நிற்பதால் விளிம்பில் தீப்பிடித்தது பிள்ளைக்குத் தெரிவதே தாமதமாகத்தான்.

1862-ல் பாரிஸ் ஓபரா ஒத்திகையில் எம்மா லிவ்ரி என்ற நடனமணியின் மெல்லிய அடுக்குப் பாவாடை கேஸ் விளக்கில் பற்றியது. தீப்பற்றாத மருந்தில் தோய்த்த உடையை, பார்க்க நன்றாக இல்லை என்று அவர் முன்பே மறுத்திருந்தார். எட்டு மாதம் வேதனைப்பட்டு இறந்தார். "வலையைக் குறைத்தால் எடுப்பாக இருக்காது" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்தப் பெண்தான் நினைவுக்கு வருகிறார்.

விளக்கைத் தரையில், நடக்கும் வழியில் வைக்காதீர்கள். பாவாடை தரையைக் கூட்டக்கூடாது. கேன்கேன் பாவாடை கட்டிய பிள்ளையின் கையில் மத்தாப்பைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தீப்பிடித்தால் ஓடவிடாமல் படுக்க வைத்து உருட்டுங்கள். புண்ணில் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். தோலில் ஒட்டிய வலையைப் பிய்க்காதீர்கள், பற்பசை தடவாதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

தீபாவளித் துணிக்கு அளவு கொடுக்க வரும்போது, கேன்கேனைத் தனி உள்பாவாடையாகக் கேளுங்கள். விளக்கேற்றும் நேரத்தில் கழற்றி வைத்துவிடலாம். அதற்கு நான் கூலி கூட்டமாட்டேன்.