சாரல் காற்றும் சின்ன மிக் மிஷினும்: வீட்டில் பழைய கார் தகடு பற்றவைப்பவர்கள் கவனத்துக்கு

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டை, புளியரைப் பக்கம் வீட்டு முற்றத்தில் பழைய அம்பாசடரையோ பத்மினியையோ நிறுத்தித் தகடு பற்றவைப்பவர்கள் ஒரே குறையைச் சொல்வார்கள்: "மிஷின் சரியில்ல, வெல்டு முழுக்க ஆப்பம் மாதிரி ஓட்டை." பெரும்பாலும் தவறு மிஷினில் இல்லை. மிக் மிஷினில் மெல்லிய கம்பி தானாக ஓடிவந்து உருகும்; டார்ச் என்ற கைப்பிடி வழியே வரும் கேஸ், உருகிய இரும்பில் வெளிக்காற்று படாமல் காக்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் காற்று, டார்ச்சிலிருந்து வரும் கேஸை உருகிய இரும்பின் மேல் நிற்க விடுவதில்லை. கேஸ் விலகிய இடத்தில் வெளிக்காற்று புகுந்து, இரும்பு உறையும்போது துளையாக நின்றுவிடுகிறது.

இதற்கு கேஸைக் கூட்டிக்கொண்டே போவது பலனில்லாத வேலை. டார்ச் முனையில் கேஸ் வெளிவரும் சின்ன நாசிலுக்கு நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர் போதும். 20 லிட்டரைத் தாண்டினால் கேஸ் சீராக வராமல் சுழன்று, வெளிக்காற்றையும் சேர்த்து இழுத்துவரும். காசும் போகும், துளையும் கூடும். காற்று வரும் மேற்குப் பக்கம் தரைவரை தார்ப்பாய் கட்டுங்கள். நான்கு பக்கமும் மூடிவிட வேண்டாம். இந்த வேலைக்கு எடுக்கும் கேஸான கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது; வண்டிக்கு அடியிலும் பள்ளத்திலும் தேங்கும், அங்கே படுத்து வேலை செய்பவருக்கு மூச்சு முட்டும். ஓலைக் கொட்டகைக்குள் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது.

சிலிண்டர் தீர்ந்ததா என்று கேஜைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கார்பன் டை ஆக்சைடு உள்ளே திரவமாக இருக்கிறது. திரவம் தீரும்வரை முள் பெரிதாக இறங்காது. எடை போட்டுப் பார்ப்பதுதான் வழி. வசதி இருந்தால் ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த கேஸ் வாங்குங்கள். மெல்லிய தகட்டில் தெறிப்பு குறையும், ஓட்டை விழுவதும் குறையும்.

அடுத்தது கம்பி ஓட்டம். சின்ன மிஷின்களில் பாதித் தொல்லை இங்கேதான் பிறக்கிறது. கம்பியைத் தள்ளும் ரோலரில் பெரும்பாலும் இரண்டு பள்ளம் இருக்கும், பக்கவாட்டில் 0.6, 0.8 என்று மி.மீ. அளவு எழுதியிருக்கும். 0.8 பள்ளத்தில் 0.6 கம்பி போட்டால் வழுக்கும். வழுக்குகிறதே என்று ஸ்குருவை இறுக்கினால் கம்பி நசுங்கி, செம்புப் பூச்சு பொடியாக உதிர்ந்து கம்பி ஓடும் உள்குழாயான லைனரை அடைக்கும். சரியான இறுக்கத்தைப் பார்க்க ஒரு எளிய சோதனை: டார்ச்சை ஒரு மரக்கட்டையை நோக்கிச் சாய்த்துப் பிடித்து ட்ரிக்கரை அழுத்துங்கள். கம்பி கட்டையில் மோதி வளைந்து சுருண்டு வர வேண்டும். ரோலர் வழுக்கினால் கால் சுற்று இறுக்குங்கள். ரோலர் பக்கம் குருவிக்கூடு போலக் கம்பி சிக்கிக்கொண்டால் இறுக்கம் அதிகம், அல்லது ரோலருக்கும் லைனர் வாய்க்கும் நடுவே இடைவெளி அதிகம். கம்பி சுற்றிய ஸ்பூலின் பிரேக்கும் கவனிக்க வேண்டியது: ட்ரிக்கரை விட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும், ஆனால் கையால் சுற்றினால் இலகுவாகச் சுற்ற வேண்டும்.

ஸ்பூல் மாற்றும்போதெல்லாம் லைனருக்குள் ஏர் அடித்துவிடுங்கள். டார்ச் நுனியில் கம்பி வெளிவரும் டிப்பின் ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்துவிட்டால் தயங்காமல் மாற்றுங்கள்; கம்பிக்குக் கரண்ட் விட்டுவிட்டுப் போவது அதனால்தான். மழைக்காலத்தில் ஸ்பூலை மிஷினிலேயே விட்டுவைக்காதீர்கள். துருவேறிய கம்பி எந்த மிஷினிலும் ஒழுங்காக ஓடாது. கழற்றி, சிலிக்கா ஜெல்லோடு இறுக்கி மூடும் டப்பாவில் வையுங்கள்.

பழைய டிரான்ஸ்பார்மர் வகை மிஷின் சிலவற்றில் கம்பி மோட்டாருக்கும் மெயின் டிரான்ஸ்பார்மரிலிருந்தே சப்ளை போகும். ஆர்க் (பற்றவைக்கும் மின்சுடர்) பிடித்ததும் வோல்டேஜ் இறங்கி, மோட்டாரும் தளர்ந்துவிடும். மோட்டார் போர்டுக்கு அதே வோல்ட் கொடுக்கும் தனிச் சிறிய டிரான்ஸ்பார்மரைப் பொருத்தினால் ஓட்டம் சீராகும், வித்தியாசம் உடனே தெரியும். ஆனால் பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியன் கையில் கொடுங்கள்.

கேஸ் இல்லாமல் ஓடும், உள்ளே மருந்துப்பொடி வைத்த ஃப்ளக்ஸ் கம்பியிலிருந்து கேஸ் கம்பிக்கு மாறுபவர்கள் மறக்கும் ஒன்று: கேஸோடு ஓடும் சாதாரணக் கம்பிக்கு டார்ச் பாசிட்டிவ், கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கம்பிக்கு டார்ச் நெகட்டிவ். மாற்றாமல் விட்டால் எந்த செட்டிங்கிலும் வெல்டு சரியாக வராது.

மிஷினோடு வரும் தகர எர்த் கிளாம்பைத் தூக்கிப்போட்டு, கனமான பித்தளை கிளாம்பும் 25 சதுர மி.மீ. கேபிளும் போடுங்கள். பெயின்ட் சுரண்டிய இரும்பில், பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். வீல் பேரிங் வழியாகக் கரண்ட் போகக் கூடாது. பேட்டரியின் இணைப்பை முதலில் கழற்றிவிடுங்கள்.

வீட்டு சப்ளையும் பார்க்க வேண்டும். 30 மீட்டர் நீள 1.5 சதுர மி.மீ. ஒயரில் 15 ஆம்பியர் போனால் சுமார் 11 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. ஒயரில் அது 4 வோல்ட்தான். சுருட்டி வைத்த ஒயர் சூடாகும், முழுவதும் விரித்துப் போடுங்கள்.

இனி தகடு. ஒரு மில்லிமீட்டர் தகட்டுக்குச் சுமார் 40 ஆம்பியர் என்பது தொடக்கக் கணக்கு. நீளமாக இழுக்காதீர்கள், தகடு கோணிக்கொள்ளும். 25, 30 மி.மீ.க்கு ஒரு டாக், அதாவது சின்னப் புள்ளி வெல்டு. அடுத்ததை எதிர்ப்பக்கம் வையுங்கள், கை வைக்கும் சூடு வந்தபின் நடுவே நிரப்புங்கள். பின்னால் ஒரு செம்புத் தகட்டை அணைத்துப் பிடித்தால் ஓட்டை விழாது. சரியான செட்டிங்கில் எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற சத்தம் இடைவிடாமல் வரும்.

காரில் கை வைக்குமுன் அதே கனத் துண்டுகள் இரண்டைப் பற்றவைத்து, வைஸில் மாட்டிச் சுத்தியலால் மடக்குங்கள். வெல்டு ஒரு தகட்டிலிருந்து சுத்தமாகப் பிரிந்துவந்தால் அது ஒட்டியிருக்கிறது, உருகிச் சேரவில்லை. அம்பாசடருக்குத் தனிச் சேஸ் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடுதான் வண்டியைத் தாங்குகிறது. அங்கே ஒட்டு வேலை உயிருக்கு ஆபத்து.

குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் ஆர்க் பிடித்தால் பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயு உருவாகும். அந்த டப்பாவை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வையுங்கள், சீட்டையும் தரைவிரிப்பையும் எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் வண்டியை விட்டுப் போகாதீர்கள். அடிப்பூச்சுத் தார் உள்ளுக்குள் கனன்று, பிறகுதான் பற்றும். வாளி நிறையத் தண்ணீரும் தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.